மறு: கரைகரிமம் போதுமா? நீலகிரி ஓடைக் கையேட்டுக்கு ஒரு சொல்

நண்பர்களே,

கையேடு நாளை அச்சுக்குப் போகிறது. ‘dissolved organic carbon’, அதாவது சருகு, மட்கு போன்ற உயிர்ப்பொருளிலிருந்து வந்து நீரில் கரைந்திருக்கும் கார்பன்; இதற்கு இத்தனை மடல் வந்தும் தமிழ்ச்சொல் அமையவில்லை.

> கரைகரிமம். வினைத்தொகை. கரைந்த, கரைகிற, கரையும் என முக்காலமும் அடங்கும்.

ஐயா, வாய்க்கு இனிய சொல். ஆனால் கரிமம் என்றால் கார்பன். பாறை சிதைந்து சேரும் பைகார்பனேட் என்ற உப்பிலும் கார்பன் உண்டு, அதுவும் கரைந்த கரிமம்தானே? சருகு, வேர், மட்கு, சாக்கடை என உயிர்ப்பொருளிலிருந்து வருவதை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவு போனால் பாடமே போய்விடும். காக்கை கரைவதும் இந்தக் ‘கரை’தானா என்பதை அப்புறம் பேசுவோம்.

> ‘செம்புலப் பெயல்நீர்’ இருக்கப் புதுச்சொல் எதற்கு?

அது மண் கலங்கிய நீர். குடத்தில் வைத்தால் அடியில் படியும், இது படியாது. போன வாரம் சோலைக்காட்டு ஓடையில் பிடித்த நீரை சிரிஞ்சில் எடுத்து, 0.45 மைக்ரான் அளவு நுண்துளை உள்ள வடிதாள் வழியே அழுத்தினோம். தாள் பழுப்பானது. சொட்டிய நீரும் இளம் டீ நிறம். “வடிகட்டியும் போகலையே டீச்சர்” என்றாள் ஒரு சிறுமி. அவளுக்குத்தான் இந்தச் சொல். நிறமே இல்லாமல் கரைந்திருப்பதும் உண்டு என்பதால் நிறத்தை வைத்தும் பெயரிட முடியாது.

யாழ்ப்பாண நண்பர் சொன்ன ‘சேதனக் காபன்’ (organic carbon-க்கு இலங்கை வழக்கு) குழப்பமில்லாதது. வடசொல் என்று நான் தயங்கவில்லை. எங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டதேயில்லை. organic-க்குக் ‘கரிம’, carbon-க்குக் ‘கரிமம்’ என்று வைத்தால் வரும் ‘கரிமக் கரிமம்’ காதில் நிற்காது. ‘கரிம வேதியியல்’ (organic chemistry) படித்தவர்களுக்குக் ‘கரிமக் கார்பன்’ சட்டென்று பிடிபடும்.

கையேட்டில் சொல் வரும் இடம் இதுதான்: முதல் மழையில் சோலைச் சருகும் பள்ளத்துப் பீட் சதுப்பும் (முழுதும் மட்காத தாவரம் படிந்த ஈரநிலம்) இதை ஓடைக்குத் தருகின்றன. புல்வெளியில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) தேயிலையும் வந்தபின் சருகும் மண்ணும் மாறின. ஊர்ச் சாக்கடை கலக்குமிடத்தில் வருவது வேறு சரக்கு. கீழே குடிநீருக்குக் குளோரின் சேர்க்கும்போது இதில் ஒரு பகுதி ட்ரைஹாலோமீத்தேன் என்ற வேண்டாத வேதிப்பொருள் ஆகிறது. எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்கவேண்டும். ‘கரிம’ என்ற அடைமொழியை நான் விடாததற்குக் காரணம் அதுதான்.

சரி, பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட ‘கரைந்த கரிமக் கார்பன்’ என்றே போடுகிறேன். ஐயாவுக்கு இதில் உடன்பாடில்லை என்று தெரியும். பைகார்பனேட்டையும் சேர்த்த மொத்தத்துக்குக் ‘கரைகரிமம்’ என்று வைத்துக்கொள்ளலாமா? வடிதாளில் தங்கும் துகளுக்கும் ஒரு சொல் வேண்டும். இரவு பத்துக்குள் எழுதினால் சேர்த்துவிடுவேன்.