விடுதி அறைகளுக்கு மாஸ்டர் கீ பூட்டு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தூத்துக்குடியில் எங்கள் குடும்பம் நடத்தும் பெண்கள் விடுதியில் 24 அறைகளுக்கும் பூட்டு மாற்றப்போகிறோம். காலி செய்துவிட்டுப் போன ஒருவரிடம் நகல் சாவி இருந்தது தெரியவந்தது. தெருமுனைச் சாவிக்கடையில் அசலைக் கொடுத்தால், டீ குடித்து முடிப்பதற்குள் நகல் கைக்கு வந்துவிடுகிறது. அதனால் உரிமையாளர் அட்டையைக் காட்டினால்தான் கம்பெனியே நகல் வெட்டித்தரும் வகை வேண்டும்.

குழப்பமெல்லாம் எல்லா அறைகளையும் ஒரே சாவியால் திறக்கும் மாஸ்டர் கீயில்தான். சாதாரண பின் (pin) சிலிண்டரில், அதாவது சாவி நுழையும் பகுதிக்குள் ஸ்பிரிங் தள்ளும் சிறு ஊசிகள் உள்ள வகையில், ஓர் அறைச் சாவியையும் அதன் பூட்டையும் வைத்தே மாஸ்டர் சாவியின் வெட்டுகளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் 2003-லேயே காட்டிவிட்டார். வார்டன் அம்மாவுக்கு ஒரே சாவி வசதிதான், ஆனால் பிள்ளைகளின் பாதுகாப்பு அதைவிடப் பெரிது.

அப்லாய் (Abloy) கம்பெனி பூட்டு மாதிரி, ஊசிகளுக்குப் பதில் சுழலும் தட்டுகள் உள்ள டிஸ்க் சிலிண்டரில் ஸ்பிரிங் கிடையாது. உப்புக்காற்றுக்கு அதுதான் தாங்கும் என்று நினைக்கிறேன். கடலோர ஊர்களில் யாராவது பயன்படுத்துகிறீர்களா? தென்மாவட்டங்களில் சர்வீஸ் கிடைக்கிறதா? சாவி தொலைந்தால் சிலிண்டரை மட்டும் மாற்ற எவ்வளவு ஆகும்? அப்புறம், தீப்பிடித்தால் உள்ளிருப்பவர்கள் சாவி தேடக்கூடாது. உள்பக்கக் குமிழைத் திருகியே வெளியே வரும்படி எந்த மாடலில் இருக்கிறது?