எஃப்.எஸ்.எச். கொடுத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. ஏறவில்லை: வெள்ளாட்டு கிரானுலோசா செல் வளர்ப்பு

வணக்கம். மதுரை இறைச்சிக்கூடத்தில் கிடைக்கும் வெள்ளாட்டுச் சினைப்பைகளிலிருந்து கிரானுலோசா செல்களை (நுண்ணறை எனும் சிறு பையில் முட்டையைச் சூழ்ந்திருப்பவை) வளர்க்கிறோம். 48 மணி நேரம் கழித்து நுண்ணறையை வளர்க்கும் ஹார்மோனான எஃப்.எஸ்.எச். கொடுத்தால், செல்லுக்குள் அதன் சைகையைக் கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. அசைவதே இல்லை.

3–5 மி.மீ. நுண்ணறைகள்தான் எடுக்கிறோம். சினைப்பைகள் ஃபிளாஸ்கில், 35 டிகிரி உப்புக்கரைசலில், 2 மணி நேரத்துக்குள் வந்துவிடும். சித்திரை வெயிலிலும் சூடு தாண்டுவதில்லை. செல்களை ஊசியால் உறிஞ்சுகிறோம். ட்ரிப்சின் நொதி எஃப்.எஸ்.எச். ஏற்பியின் வெளிப்பகுதியை வெட்டும் என்பதால் தொடுவதில்லை. ஊடகம் டி.எம்.இ.எம்./எஃப்-12, 10% சீரம்.

எஃப்.எஸ்.எச். அளவை மில்லிக்கு 10 முதல் 100 நானோகிராம் வரை மாற்றினோம், புதுக் குப்பியும் உடைத்தாயிற்று. பாஸ்போடைஎஸ்டரேஸ் நொதியைத் தடுக்கும் ஐ.பி.எம்.எக்ஸ். 0.5 மில்லிமோலார் முன்கூட்டியே சேர்ப்பதால், அந்த நொதி சைக்ளிக் ஏ.எம்.பி.யைச் சிதைத்துவிடுகிறது என்றும் சொல்ல முடியாது. சைக்ளிக் ஏ.எம்.பி.யை உருவாக்கும் அடினைலைல் சைக்ளேஸ் நொதியை நேரடியாகத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின் 10 மைக்ரோமோலாருக்கு நன்றாக ஏறுகிறது, ஆகவே அந்த நொதி சரி. ஏற்பியை அந்த நொதியோடு இணைக்கும் ஜி.எஸ். புரதத்தைத் தூண்டும் காலரா நச்சுக்கும் ஏறுகிறது, அதுவும் சரி. மிஞ்சுவது ஏற்பிதான்.

இன்னொரு அறிகுறி: எஸ்ட்ரடையாலுக்கு மூலப்பொருளான ஆண்ட்ரோஸ்டீன்டையோன் 100 நானோமோலார் கொடுத்தும் எஸ்ட்ரடையால் குறைவு, ப்ரோஜெஸ்டிரோனோ ஏறிக்கொண்டே போகிறது. செல்களும் நார்செல் (ஃபைப்ரோபிளாஸ்ட்) போலத் தட்டையாகின்றன. சீரம் இவற்றை லூட்டியல் செல்களாக (முட்டை வெளியான பின் ப்ரோஜெஸ்டிரோன் சுரப்பவை) மாற்றி, எஃப்.எஸ்.எச். ஏற்பியைக் குறைத்துவிடுகிறது என்பதே எங்கள் கணிப்பு. சீரத்தை எடுத்தாலோ செல்கள் ஒட்டாமல் மிதந்து சாகின்றன.

வெள்ளாட்டு கிரானுலோசா செல்கள் சீரமில்லாமல் ஒட்டி, 48 மணி நேரம் ஏற்பியை இழக்காமலிருக்க, தட்டுக்கு எந்தப் பூச்சு, இன்சுலின் எந்த அளவில் உங்களுக்குப் பலன் தந்தது?