அம்மா "பயமில்லை" என்கிறார். சத்திரசிகிச்சைப் பயத்தை எப்படி அறிவது?

கேள்வி (கோண்டாவில் மகள்):
அம்மாவுக்கு 68 வயது. அடுத்த வாரம் பித்தப்பைச் சத்திரசிகிச்சை. யார் கேட்டாலும் "எனக்கென்ன பயம்" என்கிறார். ஆனால் நேற்று இரவு இரண்டு மணிக்கு என்னை எழுப்பி, அலுமாரித் திறப்பு எந்தச் சேலைக்குக் கீழே இருக்கிறது என்று காட்டினார். இந்தப் பயத்தை அளக்க வழியுண்டா? நித்திரைக் குளிசை கொடுக்கலாமா?

பதில் (விடுதித் தாதி):
வழியுண்டு. 1996 இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் அளவுகோலில் ஆறு கூற்றுகளே உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. நான்கு கூற்றுகள் பயத்தையும் இரண்டு விபரம் அறியும் விருப்பத்தையும் பற்றியவை. பயத்துக்குரிய 20 புள்ளிகளில் 11 அல்லது அதற்கு மேல் வந்தால் தனியாகக் கவனிப்பது வழக்கம். மயக்க மருந்தைப் பற்றிய பயத்தையும் சத்திரசிகிச்சையைப் பற்றிய பயத்தையும் அது பிரித்துக் கேட்பதுதான் எனக்குப் பிடித்த விடயம். "பயமா?" என்றால் எங்கள் அம்மாமார் இல்லை என்றுதான் சொல்வார்கள், "மயக்கம் தெளியாமல் போய்விடுமோ என்று யோசிக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற மயக்க மருந்து வைத்தியர்):
குளிசையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். இந்த வயதில் அது மூச்சை மந்தப்படுத்தலாம், சத்திரசிகிச்சைக்குப் பின் மனக்குழப்பத்தையும் உண்டாக்கலாம். 1963 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மயக்க மருந்து வைத்தியர் முன்கூட்டியே வந்து கதைத்துவிட்டுப் போன நோயாளர்கள் அமைதியாக இருந்தார்கள். பென்டோபார்பிட்டால் என்ற நித்திரை மருந்தை மட்டும் பெற்றவர்களுக்கு நித்திரை தூங்கியதேயொழிய மனம் அடங்கவில்லை. ஆகவே கிளினிக்கில் அந்த வைத்தியரைச் சந்திக்கும்போது அம்மாவையே கேள்வி கேட்க விடுங்கள், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். இன்னொன்று: முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரும் குடிக்காமல் வாடுவோர் பலர். பொதுவாகச் சாப்பாட்டுக்கு ஆறு மணித்தியாலமும் வெறும் தண்ணீருக்கு இரண்டு மணித்தியாலமும் இடைவெளி போதும். அம்மாவுக்கான நேரத்தைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
தாதி சொன்னபடி பிரித்துப் பிரித்துக் கேட்டேன். மயக்கமும் இல்லை, கத்தியும் இல்லை. பொய்ப்பல்லைக் கழற்றிவிட்டு, பொக்கை வாயோடு விடுதி முழுவதையும் கடந்து தள்ளுவண்டியில் போகவேண்டுமே என்பதுதான் அம்மாவின் கவலை!

பதில் (விடுதித் தாதி):
மூச்சுக்குழாய் வைக்கும்போது நழுவக்கூடும் என்பதால் பல்லைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் சத்திரசிகிச்சைக்கூட வாசல்வரை போட்டிருக்க விடலாமா என்று முதல் நாளே விடுதியில் கேளுங்கள். பெயர் எழுதிய மூடியுள்ள டப்பா ஒன்றையும் கொடுத்துவிடுங்கள்.