புதிதாகச் சர்க்கரை நோய் கண்டவர்களின் உமிழ்நீர் குளுக்கோஸ்: ஒரே ஆளுக்கு அடுத்தடுத்த நாளில் 0.8, பிறகு 6. எங்கே கோளாறு?

வாய்மருத்துவ_மாணவி:

வணக்கம். முதுகலை ஆய்வுக்காக, புதிதாக இரண்டாம் வகை சர்க்கரை நோய் கண்ட 40 பேர், நோய் இல்லாத 40 பேர் என்று திட்டம். ரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுவது), இன்சுலின், சிஆர்பி (அழற்சியைக் காட்டும் புரதம்). உமிழ்நீரில் குளுக்கோஸ், அமைலேஸ் (மாவுச்சத்தை உடைக்கும் நொதி), மொத்தப் புரதம், ஐஎல்-6 (அழற்சியில் ஏறும் புரதம்).

முன்னோட்டத்திலேயே உமிழ்நீர் குளுக்கோஸ் தாறுமாறாக வருகிறது. ஒரே நபருக்கு முதல் நாள் 0.8, மறுநாள் 6 மி.கி./டெ.லி. நோய் இல்லாத ஒருவருக்கு நோயாளியைவிடக் கூடுதலாக வந்தது. காலை ஓ.பி.யில் ரத்தம் எடுத்த கையோடு டப்பாவில் துப்பச் சொல்லி வாங்குகிறோம். மதியம் ரத்தச் சர்க்கரைக்கான ஜிஓடி-பிஓடி கிட்டிலேயே (இரண்டு நொதிகளால் நிறம் உண்டாக்கி அளப்பது) செமி ஆட்டோ அனலைசரில் போடுகிறோம். தவறு கிட்டிலா, மாதிரி எடுப்பதிலா? அப்புறம், "புதிதாகக் கண்டவர்" என்று யாரை எடுக்கலாம்?

---

உயிர்வேதி_ஆய்வகம்:

இரண்டிலும் இருக்கிறது. கிட் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

அந்தக் கிட் 100, 200 என்று இருக்கும் ரத்தத்துக்குச் செய்யப்பட்டது. 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜெண்டில் 10 மைக்ரோலிட்டர் மாதிரி போட்டால், 100 மி.கி. ஸ்டாண்டர்டுக்கு 505 நானோமீட்டரில் ஓ.டி. (ஒளியை உறிஞ்சும் அளவு) ஏறத்தாழ 0.3 வரும் என்று வையுங்கள். உமிழ்நீரில் குளுக்கோஸ் 1 மி.கி. அளவில்தான் இருக்கும். அதற்கு 0.003 வரும். செமி ஆட்டோவில் மாதிரி இல்லாத வெறும் பிளாங்க்கே அந்த அளவுக்கு ஆடும். நீங்கள் பார்க்கும் 0.8-க்கும் 6-க்கும் இடையில் ஒரு பகுதி மெஷினின் ஆட்டம்தான்.

செய்ய வேண்டியது: 1000 மைக்ரோலிட்டர் ரீஏஜெண்டுக்கு மாதிரியை 100 மைக்ரோலிட்டர் ஆக்குங்கள். கிட்டோடு வரும் 100 மி.கி. ஸ்டாண்டர்டை நீர்த்து 1, 2, 5, 10 என்று நான்கு புள்ளி வைத்து, அதையும் அதே 100 மைக்ரோலிட்டர் போட்டு வளைகோடு வரையுங்கள். உமிழ்நீர் கலங்கல், அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் நொதி இல்லாத பஃபரில் தனி பிளாங்க் போட்டுக் கழிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் சளி அதிகமுள்ளவருக்கெல்லாம் சர்க்கரை அதிகம் என்று வரும்.

இன்னொரு சிக்கல் இதைவிட முக்கியம். ஜிஓடி வினையில் உண்டாகி, பிஓடி நிறமாக்க வேண்டிய ஹைட்ரஜன் பெராக்சைடை யூரிக் அமிலமும் அஸ்கார்பிக் அமிலமும் தின்றுவிடும். ரத்தத்தில் குளுக்கோஸ் மலைபோல் இருப்பதால் இது தெரியாது. உமிழ்நீரில் யூரிக் அமிலமே டெசிலிட்டருக்குச் சில மில்லிகிராம் இருக்கிறது, குளுக்கோஸைவிடக் கூடுதல். முடிந்தால் பெராக்சைடு இல்லாமல் வேறு நொதியால் அளந்து, 340 நானோமீட்டரில் படிக்கும் ஹெக்ஸோகைனேஸ் கிட்டுக்கு மாறுங்கள். மாற முடியாவிட்டால் பலரின் உமிழ்நீரைக் கலந்து, அதில் 2 மி.கி./டெ.லி. குளுக்கோஸ் சேர்த்து, சேர்த்ததில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பாருங்கள். 85 முதல் 115 சதவீதத்துக்குள் வராதவரை நோயாளி மாதிரியைத் தொடாதீர்கள்.

அமைலேஸ் இதற்கு நேர் எதிர். நீர்க்காமல் போட்டால் சில நொடிகளில் சப்ஸ்ட்ரேட் (நொதி உடைக்கும் பொருள்) தீர்ந்து, எண் குறைவாக வரும். 200 மடங்கு நீர்த்துத் தொடங்குங்கள், 0.9 சதவீத சலைனில். அந்த நொதிக்குக் கால்சியமும் குளோரைடும் வேண்டும், ஆகவே காய்ச்சி வடித்த நீரும் வேண்டாம், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ ட்யூபும் வேண்டாம்.

---

ஈறு_நோய்_பிரிவு:

கிட்டைச் சரிசெய்தாலும் "துப்பச் சொல்லி வாங்குவது" இருக்கும்வரை எண்கள் நேராகாது. துப்பும்போது ஈறு இழுபட்டு ரத்தமும் ஈறு இடுக்குத் திரவமும் கலக்கும். அதில் இருப்பது ரத்தச் சர்க்கரை அளவுக்கு நெருக்கமான சர்க்கரை. ஒரு துளி போதும், உங்கள் 0.8 ஆறாக மாற.

முந்தைய இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். காலை 8 முதல் 10 மணிக்குள் எடுங்கள், எல்லோருக்கும் அதே நேரம். அன்று காலை பல் துலக்காமல் வரச் சொல்லுங்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை, சிகரெட் பழக்கம் உள்ளவர்களைச் சேர்க்காமல் இருப்பது நல்லது. சுண்ணாம்பு பிஹெச்-ஐயும், பாக்கின் நிறம் ஓ.டி.யையும் கெடுக்கும். வெறும் தண்ணீரில் அரை நிமிடம் கொப்பளித்து, 10 நிமிடம் சும்மா உட்காரட்டும். பிறகு வாயில் இருப்பதை ஒருமுறை விழுங்கச் சொல்லி, தலையைக் குனிந்து, உதட்டிலிருந்து தானாக வழியவிடச் சொல்லுங்கள். முன்னதாக எடை பார்த்த 50 மி.லி. ட்யூப், ஐஸ் மேல். 5 நிமிடம். பஞ்சு உருளை வேண்டாம், புரதத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ட்யூபை மறுபடி எடை போடுங்கள், 1 கிராமுக்கு 1 மி.லி. என்று கொண்டு நிமிடத்துக்கு எவ்வளவு என்று வகுக்கவும். 0.1 மி.லி.க்குக் கீழே என்றால் உமிழ்நீர்ச் சுரப்பு குறைவு. இந்த ஆய்வில் இது கட்டாயம். சர்க்கரை 300-ஐத் தாண்டி, அடிக்கடி சிறுநீர் போய், நா வறண்டு வருபவருக்குச் சுரப்பே குறைந்திருக்கும். அவருக்குப் புரதம், ஐஎல்-6 எல்லாம் செறிவில் ஏறித் தெரியும், உண்மையில் கூடுதலாகச் சுரந்திருக்காது. செறிவையும், செறிவை நிமிடச் சுரப்பால் பெருக்கிய அளவையும் இரண்டு பத்திகளாகக் கொடுங்கள்.

இளஞ்சிவப்பாக இருந்தால் தூக்கி எறிந்துவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள். ரத்தத்துக்கு முன்பே உமிழ்நீரை எடுத்துவிடுங்கள், ஊசிப் பதற்றத்தில் அமைலேஸ் ஏறும்.

அரை மணிக்குள் 4 டிகிரியில், 2600 ஜி விசையில் 15 நிமிடம் சுழற்றுங்கள். ஆய்வேட்டில் ஆர்பிஎம் மட்டும் எழுதினால் யாராலும் திரும்பச் செய்ய முடியாது. ரோட்டர் ஆரம் 10 செ.மீ. என்றால் 3000 ஆர்பிஎம்-இல் சுமார் 1000 ஜி தான் கிடைக்கும், 2600 ஜி-க்கு 4800 வேண்டும். மேல்நீரை அரை மி.லி. வீதம் பிரித்து மைனஸ் 80-இல் வையுங்கள். குளுக்கோஸை மட்டும் அன்றே பாருங்கள். மதியம் வரை அறை வெப்பத்தில் கிடந்தால் வாயின் பாக்டீரியா அதைத் தின்றுவிடும். உங்கள் 0.8-க்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

கடைசியாக, ஈறு. சர்க்கரை நோயாளிக்கு ஈறு நோய் கூடுதல். ஈறு நோய் இருந்தாலே உமிழ்நீரில் ஐஎல்-6 ஏறும், சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும். எல்லோருக்கும் ஈறு இடுக்கின் ஆழம், ரத்தக் கசிவு, பல் எண்ணிக்கை பதிவு செய்து, இரு குழுவிலும் ஈறு நிலை சமமாக இருக்கும்படி ஆள் எடுங்கள். இதைச் செய்யாத ஆய்வு சர்க்கரையை அளக்கவில்லை, ஈறைத்தான் அளந்திருக்கிறது.

---

பொதுமருத்துவம்_ஓபி:

மாணவிக்கு ரத்தப் பக்கம் சில.

"புதிதாக" என்பதை நாள் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். முதல் மாத்திரை போடுவதற்கு முன் என்று எழுதுங்கள். மெட்ஃபார்மின் தொடங்கியவரின் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இன்சுலினும் வேறு கதை. வெறும் வயிற்றில் 126, ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம், குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்தில் 200: அறிகுறி இல்லாதவருக்கு இதில் இரண்டு சோதனை எல்லையைத் தாண்ட வேண்டும், அல்லது ஒன்றே இரண்டு முறை. காய்ச்சல், ஸ்டீராய்டு, அறுவை சிகிச்சை சமயத்தில் ஏறிய சர்க்கரையைச் சேர்க்க வேண்டாம். ஒல்லியாக, இளவயதாக இருப்பவருக்கு முதல் வகையைக் காட்டும் ஜிஏடி எதிர்ப்பொருள் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் வகையில் முதல் வகை கலந்துவிடும்.

சாம்பல் மூடி ட்யூபில் ஃப்ளூரைடு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அது தடுப்பது ஈனோலேஸ் என்ற நொதியை, அது சர்க்கரை உடையும் பாதையின் கடைசிப் பகுதியில் வருகிறது. ஆகவே முதல் ஒரு மணி நேரமாவது சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 சதவீதம் போனால், உண்மையில் 130 இருந்தவர் 124 ஆகி உங்கள் "நோய் இல்லாத" குழுவில் உட்கார்ந்துவிடுவார். ஐஸில் வைத்து அரை மணிக்குள் பிரித்துவிடுங்கள்.

ஹெச்பிஏ1சி-யோடு ஹீமோகுளோபினும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு அதைப் பொய்யாக ஏற்றும், சிவப்பணு சீக்கிரம் சிதையும் நோய்கள் பொய்யாக இறக்கும். நம் ஓ.பி.யில் பெண்களிடம் முதலாவது மிகச் சாதாரணம். இன்சுலின் ட்யூபில் ரத்தம் சிதைந்து சீரம் சிவந்தால் அதைப் போடாதீர்கள், சிவப்பணுவிலிருந்து வரும் நொதி இன்சுலினை உடைக்கும். ஹோமா-ஐஆர் (இன்சுலின் எதிர்ப்பைக் காட்டும் எண்): சர்க்கரை மி.கி.யில், இன்சுலின் மைக்ரோயூனிட்டில், பெருக்கி 405-ஆல் வகுக்கவும். 140-உம் 12-உம் என்றால் 4.1.

---

வாய்மருத்துவ_மாணவி:

மூவருக்கும் மிக்க நன்றி. துப்ப வைப்பதை இன்றோடு நிறுத்துகிறோம். சிகிச்சை தொடங்கி 3 மாதம் கழித்து அதே 40 பேரிடம் மீண்டும் எடுத்தால் பயன் உண்டா? உமிழ்நீருக்கும் ரத்தத்துக்கும் தொடர்புக் கெழு போட்டால் போதுமா?

---

உயிர்வேதி_ஆய்வகம்:

மீண்டும் எடுப்பது உங்கள் ஆய்வின் பலமான பகுதியாகிவிடும். அவரவருக்கு அவரவரே ஒப்பீடு, ஹெச்பிஏ1சி காட்டும் காலமும் அந்த 3 மாதம்தான். ஆனால் இடையில் பல் சுத்தம் செய்தால் ஐஎல்-6 அதனாலேயே இறங்கும். ஒன்று, இரண்டாம் மாதிரி முடியும்வரை தள்ளிப்போட முடிந்தவர்களை மட்டும் எடுங்கள். இல்லையென்றால் செய்த தேதியைக் குறித்து அவர்களைத் தனியாகப் பகுத்தாய்வு செய்யுங்கள். வலியோ சீழோ இருப்பவருக்கு ஆய்வுக்காக வைத்தியத்தைத் தள்ளவே கூடாது, அவரை ஆய்விலிருந்து எடுத்துவிடுங்கள்.

தொடர்புக் கெழுவை 80 பேரையும் ஒன்றாகப் போட்டுக் கணக்கிடாதீர்கள். இரண்டு குழுக்கள் தள்ளித் தள்ளி இருந்தாலே கெழு உயர்ந்துவிடும், குழுவுக்குள் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும். நோயாளிகள் 40 பேருக்குள் தனியாகப் பாருங்கள், நிமிடச் சுரப்பையும் ஈறு நிலையையும் ரெக்ரஷனில் சேருங்கள்.

---

பொதுமருத்துவம்_ஓபி:

ஒன்று சேர்க்கிறேன். உமிழ்நீர் எண்ணை நோயாளியிடம் சொல்லாதீர்கள். நோய் கண்டறிய ஏற்றுக்கொள்ளப்பட்ட உமிழ்நீர் எல்லை எதுவும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் ஹெச்பிஏ1சி-யைக்கூட 2011-இல்தான் கண்டறியும் சோதனையாக ஏற்றது. அவருக்குத் தர வேண்டியது ரத்த ரிப்போர்ட், அதை அன்றே கையில் கொடுத்து மருந்துக்கு அனுப்புங்கள். மாதிரி எடுப்பதற்காக முதல் மாத்திரை ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்று நெறிமுறைக் குழு விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.