பணம் போனது, அறை பதிவாகவில்லை: ஒரு குக்கி படுத்திய பாடு

ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் முன்பதிவுத் தளம் என் பொறுப்பில் இருக்கிறது. முன்பு யாரோ பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதி வைத்தது. கோடை விழா நெருங்கும் சமயத்தில் விடுதிக்காரர் போன் செய்தார்: "தம்பி, வங்கியில் பணம் பிடித்துவிட்டார்களாம். நம் தளமோ மறுபடியும் உள்நுழையச் சொல்கிறதாம்." எல்லாருக்கும் அல்ல, சிலருக்கு மட்டும்.

சேலம் ஐந்து ரோட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் பழைய குக்கி எதுவும் இல்லாத புதிய இன்காக்னிட்டோ ஜன்னல் திறந்து பணம் கட்டிப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. அவர் மலையிலிருந்து முயன்றால்தான் தகராறு. அங்கே சிக்னல் சரியில்லை, ஓடிபி ஆடி அசைந்து வந்து சேரும். அந்தத் தாமதத்தில்தான் விஷயமே இருந்தது.

குக்கி என்பது, உள்நுழைந்தவர் யார் என்று அடையாளம் காண ஒரு தளம் பிரவுசரில் வைக்கும் சின்னத் தகவல். வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு அதை அனுப்பலாமா என்று சொல்லும் அமைப்புதான் சேம்சைட். 2020-ல் வந்த குரோம் 80 முதல், சேம்சைட் குறிப்பிடாத குக்கியை பிரவுசர் 'லாக்ஸ்' (ஓரளவு மட்டும் அனுமதி) என்றே எடுத்துக்கொள்கிறது. வேறு தளத்திலிருந்து போஸ்ட் முறையில், அதாவது படிவத்தை அனுப்புவதுபோல, வரும் கோரிக்கையோடு அந்தக் குக்கி போகாது. பணம் வாங்கித் தரும் எங்கள் பேமெண்ட் கேட்வே வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவதோ போஸ்ட்டில். ஆனால் குரோம் ஒரு சலுகை வைத்திருக்கிறது: குக்கி உருவாகி 2 நிமிடம் ஆகவில்லை என்றால் அனுப்பிவிடும். பழைய தளங்கள் முறிந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். பிழையை ஒளித்துவைத்ததும் அதே நல்லெண்ணம். நான் மளமளவென்று முடித்துவிடுகிறேன்; அறைப் படங்களைப் பார்த்து, வீட்டில் கலந்து பேசிப் பணம் கட்டுகிறவருக்கு 2 நிமிடம் எந்த மூலைக்கு?

இதற்கு மேல் இன்னொரு கொடுமை. பணம் கட்டியவர் திரும்பி வரும் பக்கத்தின் முதல் வரியே செஷனைத் தொடங்குவது; செஷன் என்பது உள்நுழைந்தவரைப் பற்றி சர்வர் வைத்திருக்கும் பதிவு, அதன் எண்தான் குக்கியில் இருக்கும். குக்கி வரவில்லை என்றதும் பிஎச்பி புதிய செஷன் எண்ணை அனுப்பிவிடும், பிரவுசரில் பழைய எண் அழிந்துபோகும். டெவலப்பர் டூல்ஸில் பார்த்தால் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது: போன கோரிக்கையில் குக்கி வரியே இல்லை, வந்த பதிலில் குக்கியை வைக்கச் சொல்லும் புத்தம் புதிய செட்-குக்கி வரி.

சேம்சைட் மதிப்பை 'நன்' (தடை எதுவும் இல்லை) ஆக்கி, கூடவே பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டும் அனுப்பச் சொல்லும் 'செக்யூர்' போட்டால் தீரும் என்பார்கள். தீரும்தான். ஆனால் உள்நுழைவுக் குக்கியை எல்லா வெளித்தளக் கோரிக்கைகளுக்கும் திறந்துவிட எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வரும் பக்கத்தில் செஷனைத் தொடுவதையே எடுத்துவிட்டேன். ஆர்டர் எண்ணையும் கேட்வேயின் டிஜிட்டல் கையொப்பத்தையும் சரிபார்த்து, பதிவை உறுதிசெய்து, 303 என்ற திசைதிருப்பும் பதிலைக் கொடுத்து கெட் முறையில், அதாவது சாதாரணமாகப் பக்கம் திறப்பதுபோல, அடுத்த பக்கத்துக்கு அனுப்புகிறேன். கெட் முறையில் பக்கம் திறக்கும்போது லாக்ஸ் தடுக்காது என்பதால், குக்கி அங்கே தானாக வந்துவிடுகிறது. நடுவில் பிரவுசரை மூடிவிடுகிறவர்களுக்கு, கேட்வே நேராக சர்வருக்கு அனுப்பும் தகவலே போதும்.

செஷன் குக்கியிலும் லாக்ஸ் என்று வெளிப்படையாக எழுதிவிட்டேன். அப்படி எழுதினால் அந்த 2 நிமிடச் சலுகை கிடையாது. கோளாறு இருந்தால் என் மேசையிலேயே தெரிந்துவிடும்.