பிக் பாய் ஆட்-ஆன்: படம் அழகு, ஓட்டம் நிஜமா?

நைட்ஷிப்ட் (திருப்பூர்)

வணக்கங்க. ட்ரெயின் சிமுலேட்டரில் (கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டு) இதுவரை டீசல்தான் ஓட்டினேன். இப்போது அமெரிக்க ரயில் கம்பெனி யூனியன் பசிபிக்கின் பிக் பாய் நீராவி எஞ்சினை ஆட்-ஆனாக (விளையாட்டோடு சேர்க்கும் தனித் தொகுப்பு) வாங்க ஆசை. வீடியோவில் துரு, ரிவெட் வரைக்கும் அச்சு அசலாக இருக்கிறது. ஆனால் முன்பு இலவசமாகக் கிடைத்த வேறொரு அமெரிக்க எஞ்சினில் ரெகுலேட்டரை (சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வு) முழுசாகத் திறந்து மலை ஏறினாலும் பாய்லர் பிரஷர் முள் அசையவே இல்லை. அப்படி இன்னொன்றுக்குப் பணம் கொடுக்க மனசில்லை. வாங்கும் முன் எதைப் பார்ப்பீங்க?

கல்லாறு ரயில் (மேட்டுப்பாளையம்)

தம்பி, வீடியோவை முதலில் பார்க்காதீங்க, கேளுங்க.

பிக் பாயில் ஒரே பாய்லருக்குக் கீழே இரண்டு எஞ்சின் இருக்கிறது. எட்டு எட்டு ஓட்டுசக்கரமாக இரண்டு செட், செட்டுக்கு இரண்டு சிலிண்டர். நான்கு சிலிண்டருக்கும் பாய்லர் நீராவி நேராகப் போகும். சக்கரம் ஒரு சுற்று வந்தால் ஒரு செட்டிலிருந்து நான்கு 'சஃப்' சத்தம் (நீராவி வெளியேறும் ஒலி) வரும். இரண்டு செட்டையும் பிணைக்கும் தண்டு எதுவும் கிடையாது. அதனால் இரண்டு சத்தமும் சிறிது நேரம் ஒன்றாக விழும், மெல்ல விலகும், மறுபடி சேரும். மட்டமான ஆட்-ஆனில் ஒரே துண்டு ஒலிதான் திரும்பத் திரும்ப ஓடும். சக்கரம் 68 அங்குலம், ஆகவே மணிக்கு 10 மைல் வேகத்தில் ஒரு செட்டுக்கு 10 வினாடியில் சுமார் 33 சத்தம் வர வேண்டும். வீடியோவில் வேகம் தெரியும், எண்ணிப் பாருங்க.

இன்னொரு அமெரிக்க கம்பெனியான நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னின் ஒய்6பி எஞ்சின் வேறு ஜாதி. அது காம்பவுண்ட். பின் செட் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி முன் செட்டின் பெரிய சிலிண்டருக்குப் போய், அங்கிருந்துதான் புகைபோக்கிக்கு வரும். அதனால் ஓடும்போது ஒரு செட் சத்தம்தான் கேட்கும். கிளம்பும்போது மட்டும் இரண்டு செட்டுக்கும் நேரடி நீராவி கொடுப்பார்கள், பிறகு மாற்றுவார்கள். அந்த மாற்றம் காதில் தெரியாத ஒய்6பியை நான் தொடமாட்டேன். நம்ம ஊட்டி ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினும் காம்பவுண்ட்தான். கல்லாறு வரை உயர் அழுத்த சிலிண்டர் மட்டும் வேலை செய்யும். பல்தண்டவாளம் ஆரம்பித்ததும் அதே நீராவி பல்சக்கரத்தைச் சுற்றும் இன்னொரு ஜோடி சிலிண்டருக்குப் போகும், எஞ்சினின் குரலே வேறாகிவிடும். அதைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கு ஒரே ஒலியை ஓட்டி ஏமாற்ற முடியாது.

ஷெட் பையன் (ஈரோடு)

அண்ணா சொன்ன சத்தம் சரி. நான் புகையையும் முள்ளையும் பார்ப்பேன். அப்பா இங்கே எஞ்சினில் கரி போடும் பயர்மேனாக இருந்தவர். ஓடும் வண்டியில் விடாமல் கரும்புகை வந்தால் கரி வீணாகிறது, நெருப்பு சரியில்லை என்பார். ஆட்-ஆன் செய்கிறவர்கள் அழகுக்காக எப்போதும் கரும்புகை விடுகிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிக் பாயின் தணல்தட்டு 150 சதுர அடி, ஷவலால் கரி போட்டுக் கட்டாது. டெண்டரிலிருந்து (எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் ஏற்றிய வண்டி) ஒரு திருகு கரியைத் தள்ளிக்கொண்டு வரும், நீராவித் தாரை அதை மூலைமூலையாக வீசும். நல்ல ஆட்-ஆனில் இந்த ஸ்டோக்கர் உங்கள் கையில் இருக்கும். (4014 எண் பிக் பாயை 2019ல் மறுபடி ஓடவிட்டபோது எண்ணெய்க்கு மாற்றிவிட்டார்கள். 1940களின் எஞ்சின் என்று விற்றால் கரிதான் இருக்க வேண்டும்.)

அப்புறம் இன்ஜெக்டர். அதைத் திறந்தால் பாய்லருக்குள் தண்ணீர் போகும், பிரஷர் இறங்க வேண்டும். ரெகுலேட்டர் திறந்து எஞ்சின் உழைக்கும்போது வெளியேறும் நீராவி காற்றை இழுத்து நெருப்பைத் தூண்டும். ரெகுலேட்டரை மூடினால் அந்த இழுப்பு நின்றுவிடும், ப்ளோயர் (புகைபோக்கியில் நீராவி விட்டுக் காற்றை இழுக்கும் குழாய்) போட வேண்டும். இந்த ஏற்ற இறக்கம் இல்லையென்றால் அது நீராவி எஞ்சின் படம் ஒட்டிய டீசல்.

நைட்ஷிப்ட் (திருப்பூர்)

ரொம்ப நன்றிங்க. நான் பார்த்த வீடியோவில் சத்தம் விலகிச் சேருவது நன்றாகவே கேட்கிறது. ஆனால் இன்ஜெக்டரை யாரும் தொடவே இல்லை. ஓபன் ரெயில்ஸ் என்ற இன்னொரு சிமுலேட்டரில் முயன்றால் செலவு இருக்காதா?

கல்லாறு ரயில் (மேட்டுப்பாளையம்)

ஓபன் ரெயில்ஸ் இலவசம்தான், நீராவிக் கணக்கும் நன்றாகப் போடும். ஆனால் எஞ்சின் கோப்பில் தணல்தட்டின் அளவு, பாய்லரின் வெப்பப் பரப்பு எல்லாம் எழுதியிருக்க வேண்டும். பழைய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்குச் செய்த எஞ்சின்களில் அது இருக்காது. கோப்பை நோட்பேடில் திறந்தாலே தெரியும்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் ஸ்டீம் என்ற ஆன்லைன் விளையாட்டுக் கடையில் வாங்குங்க. 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் இருந்தால் திருப்பிக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தை வேடிக்கை பார்த்துக் கழிக்காதீங்க. அமெரிக்காவின் வாசாட்ச் மலையில் 1.14 சதவீத ஏற்றத்தில் 3,600 டன் இழுக்கத்தான் அந்த எஞ்சினை வடிவமைத்தார்கள். அதே ஏற்றத்தில் அதே சுமையை மாட்டி ஏறுங்க. 300 பவுண்டு பிரஷரை நிறுத்திக்கொள்ள ஸ்டோக்கருக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே கை ஓயாமல் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். சும்மா உட்கார்ந்தபடியே உச்சிக்குப் போய்விட்டால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துடுங்க.