புதுப்பிப்பு: வீரர்களை வாங்கிக் குவித்த கழகம் லாபம் காட்டுவது எப்படி?

வணிகமும் விளையாட்டு மேலாண்மையும் படிக்கும் நான், வீரர்களுக்குப் பெருந்தொகை கொட்டிய கால்பந்துக் கழகம் அதே ஆண்டில் லாபம் காட்டியது எப்படி என்று கேட்டிருந்தேன், பதிலளித்தவர்களுக்கு நன்றி. ஒளிபரப்பு வருவாய் பாதி விளக்கமே தந்தது. நிதிநிலை அறிக்கையில் ‘புலனாகாச் சொத்துகள்’ (தொட்டுணர முடியாத சொத்துகள்; வீரர்களின் ஒப்பந்த உரிமை இதில்தான் வரும்) குறிப்பைப் படிக்கச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது: 10 கோடிக்கு 5 ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கிய வீரருக்கு, சம்பளம் தவிர, வாங்கிய விலை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பகிரப்பட்டு ஆண்டுக்கு 2 கோடி மட்டுமே செலவாக எழுதப்படுகிறது; 3 ஆண்டு கழித்து 6 கோடிக்கு விற்றால், ஏட்டு மதிப்பான (இன்னும் செலவாக எழுதப்படாத மீதி) 4 கோடி போக 2 கோடி லாபம். எதிர்பாராத செய்தி, கழகமே வளர்த்தெடுத்த வீரருக்கு ஏட்டு மதிப்பு இல்லாததால் விற்ற தொகை ஏறக்குறைய முழுவதும் லாபமாகிவிடுகிறது என்பது. சொந்தப் பிள்ளைகளை விற்கத் தூண்டும் கணக்கு இது என்பேன். ஒப்பந்தத்தை நீட்டி ஆண்டுச் செலவைக் குறைக்கும் உத்திக்கு, ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2023இல் தன் நிதி விதிகளில், விலையைப் பகிர்ந்து எழுதும் காலத்துக்கு 5 ஆண்டு உச்சவரம்பு வைத்துவிட்டது.